மூன்றாம் வகுப்பு, இரண்டாம் முறை

பூர்க்டோர்ஃப் பள்ளிக்கூட வாசலில்
சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு
கம்பளிச் செருப்புக்குள் கால் நுழைக்க வேண்டும்.
என்னுடையது யாரோ தந்தது, இரண்டு அளவு பெரிது.
பிந்தி வந்தால் ஒளிக்க வழியில்லை.
சர், சர் என்று
நடைகூடம் முழுக்கக் காட்டிக்கொடுக்கும்.

எஷ்லிமன் டீச்சர் திரும்பிப் பார்க்கமாட்டா.
கரும்பலகையோடு பேசுவது போலவே
"குட்டன் மோர்கன், வட்டனி" என்பா.
வதனி என்று சொல்ல
அவவின் நாக்கு கடைசிவரை சம்மதிக்கவில்லை.
வட்டனி. பட்டாணிக்குத் தங்கச்சி மாதிரி.

பலகை துடைக்கும் முறை எனக்கு வியாழக்கிழமை.
மேல் வரிசை எட்டாது.
எட்டாத இடத்தில் நேற்றைய கணக்கு மிச்சமிருக்கும்.
அவ கண்டும் காணாமல்
அதற்குக் கீழே இன்றைய தேதியை எழுதுவா.

மேசை ஆண்பால்.
விளக்கு பெண்பால்.
சிறுமி மட்டும், ஏனோ, அஃறிணை.
அந்த இலக்கணப்படி
நான் அந்த வருசம் முழுவதும் ஒன்றன்பால்.
சொல்வதெழுதுதலில் நாற்பத்தொரு பிழை.

எண்பத்தேழு பெப்ரவரி, பெற்றோர் சந்திப்பு.
கோப்பை கழுவும் உணவகத்தில்
ஒரு மணித்தியாலம் கடன் வாங்கி வந்திருந்தார் அப்பா.
பிள்ளைகளின் கதிரை, முழங்கால் மேசையில் இடித்தது.
ஊறி வெளுத்த விரல்களை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.
நடுவில் நான்,
மொழிபெயர்ப்பாளர், வயது ஒன்பது.

டீச்சர் கொப்பியைத் திருப்பித் திருப்பிக் காட்டினா.
"லைடர்" என்று தொடங்கி நெடுநேரம் பேசி,
மூன்றாம் வகுப்பை நான் திரும்பவும் படிக்க வேண்டும்
என்று முடித்தா.

அப்பாவிடம் சொன்னேன்:
"டீச்சருக்கு என்னில நல்ல விருப்பமாம்.
இன்னும் ஒரு வருசம்
தன்னோடயே வைச்சிருக்கப் போறாவாம்."

அப்பா அவவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
எழுந்து நின்றார்.
"கண் ரெண்டையும் விட்டிட்டு
மிச்சம் முழுக்க உங்கட பொறுப்பு.
அடிச்சுப் படிப்பியுங்கோ."

டீச்சரிடம் சொன்னேன்:
"அப்பா வணக்கம் சொல்கிறார்."

இவ்வளவு நீளமாகவா, என்று கேட்டா.
எங்கள் மொழியில் வணக்கம் நீளம் என்றேன்.

திங்கட்கிழமை
ஐஸ்கிரீம் டப்பா நிறைய முறுக்கு.
இரவிரவாக அம்மா சுட்டது,
அப்பா சொல்லிச் சுட்டது.
சொன்ன பொய் கையில் கனக்க,
மலையேறும் பாதை முழுக்க அது கலகலத்தது.

புதனன்று டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.
உள்ளே காய்ந்த ஆப்பிள் வளையங்கள்.
அடியில் மடித்தபடி பன்னிரண்டு பயிற்சித் தாள்கள்.
"வெறும் பாத்திரம் திருப்பாத மனுசி" என்று
அம்மாவுக்கு அவவைப் பிடித்துப்போயிற்று.
தாள்களை நான் காட்டவில்லை.
ஆனால் செய்தேன், பன்னிரண்டையும்,
குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு.

இப்போது அப்பா சின்ன வீட்டுக்கு மாறுகிறார்.
முப்பத்தெட்டு வருசக் கடதாசிகளோடு
என்னைத் தனியே விட்டுவிட்டு
பல்கனியில் தக்காளிச் சாடிகளோடு மல்லுக்கட்டுகிறார்.

பச்சைக் கோப்பு.
பெர்னிலிருந்து அகதி அலுவலகக் கடிதம்,
எண்பத்தேழு ஜனவரி பதினான்கு,
தைப்பொங்கலன்று தட்டச்சு செய்திருக்கிறார்கள்.
முதல் பந்தியில் மரியாதை.
இரண்டாம் பந்தியின் முதல் சொல்லுக்குக் கீழே
பென்சில் கோடு.
ஓரத்தில் அவருடைய சாய்ந்த எழுத்து:

லைடர் = இல்லை.

ஜனவரி.
பெப்ரவரிக்கு முன்னால் வருகிற ஜனவரி.

அடுத்த கடிதத்திலும் அந்தச் சொல் இருக்கிறது,
அதற்கடுத்ததிலும்.
கோடு இல்லை.
அதற்குப் பிறகு அவருக்குத் தேவைப்படவில்லை.

பல்கனியிலிருந்து குரல்:
"பிள்ளை, எறியக்கூடியது ஏதும் கிடக்கோ?"

"லைடர், அப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு
சாடியில் தண்ணீர் விழுகிற சத்தம்.